திருகோணமலையின் ஆழ்கடற் குளிரும் பசுமைக் கட்டடக் கணக்கும்

தமிழ் கற்பிக்கும் ஆசிரியர் குளிர்ப்பொறிகளைப் பற்றி எழுதப் புகுந்தமை இம்மலரைக் கையில் ஏந்தும் பழைய மாணவர் சிலர்க்கு வியப்பாய் இருத்தல் கூடும். காரணம் எளிது. நம் கல்லூரியிற் கற்றுப் பொறியியற்றுறை புகுந்து, இன்று சிங்கப்பூரிலும் வளைகுடா நாடுகளிலும் கனடாவிலும் கட்டடங்களுக்குக் குளிர் அளிக்கும் தொழிலில் அமர்ந்திருப்போர் சிலர், தம் தொழிற்சொற்களுக்கு நேரான தமிழ் யாது என எம்மை வினவி எழுதுவதுண்டு. பொருள் அறியாமற் சொல் தருதல் இயலாது. ஆதலின் சொல்லைத் தேடிச் சென்ற யாம் பொருளிலே சிக்கினோம். அப்பொருள் நம் துறைமுகத்தோடு நெருங்கிய தொடர்புடையது என அறிந்தபின், அறிந்த அளவினை இம்மலரில் எடுத்துரைத்தல் தகும் எனத் துணிந்தோம்.

குளிர் என்பது செய்யப்படும் பொருள் அன்று. ஓரிடத்து வெப்பத்தை எடுத்து வேறோரிடத்திற் கொட்டுவதையே குளிரூட்டல் என்கின்றோம். வளிச்சீராக்கி பூட்டிய அறையின் பின்புறத்தே சென்று நின்றவர் இதனை விளக்கமின்றியே உணர்வர். உள்ளிருந்து எடுத்த வெப்பமும், அதனை எடுக்கச் செலவான மின்சாரத்தின் வெப்பமும் ஒன்றுசேர்ந்து வெளிப்பெட்டியினின்றும் தெருவில் வீசுகின்றன. நகரின் ஒடுங்கிய தெருக்களில் வங்கியும் கடையும் விடுதியும் இவ்வாறே தத்தம் வெப்பத்தைப் புறத்தே தள்ள, அயல்வீட்டார் சாளரத்தை அடைத்துக்கொண்டு தாமும் ஒரு பொறி வாங்குகின்றனர். பொறி வாங்க வகையற்றவர் வெக்கையை மட்டும் பெறுகின்றனர்.

இதற்கு மாற்றாய் எழுந்த முறைக்கு யாம் அமைத்துக்கொடுத்த சொல் 'வட்டாரக் குளிரூட்டல்' என்பதாகும். வீட்டுக்கொரு கிணறு தோண்டுவதை விடுத்து ஊருக்குக் குழாய்நீர் ஊட்டுவது போன்றது அது. பெரியதொரு நிலையத்தில் நீரைக் குளிர்வித்து, வெப்பம் புகாதவாறு உறையிட்ட குழாய்களின் வழியே பல கட்டடங்களுக்கும் அனுப்புவர். அந்நீர் ஆங்காங்குள்ள வெப்பத்தை வாங்கிக்கொண்டு நிலையத்துக்கு மீளும், மீண்டும் குளிர்விக்கப்படும். குளிர்நாடுகளில் இம்முறை முதலில் வெப்பம் ஊட்டுவதற்கே தோன்றியது. 1877ஆம் ஆண்டில் அமெரிக்காவின் லொக்போட் என்னும் ஊரில், பேட்சில் ஹொலி என்பவர் ஒரு கொதிகலனிலிருந்து நீராவியைக் குழாய்வழியே பல கட்டடங்களுக்குச் செலுத்தினார். ஐஸ்லாந்தின் தலைநகரான ரெய்க்யவிக்கில் 1930இல் வெந்நீரூற்றின் நீர் ஏறத்தாழ 3 கிலோமீற்றர் நீளமான குழாயில் நகருட் புகுந்தபோது, அதனாற் சூடுபெற்ற முதற் கட்டடங்களுள் ஒரு பள்ளிக்கூடமும் இருந்தது.

கன்னியாவின் ஏழு கிணறுகளை உடைய நமக்கு இச்செய்தி சிறிது ஆசையூட்டும். ஆயின் அவை நீராடற்கும் நீத்தார் கடனுக்கும் உரியன. அன்றியும், அறைகளைச் சூடாக்க வேண்டிய குளிர்காலம் ஈண்டு இல்லை. விடுதிச் சலவைக்கும் மருத்துவமனைச் சமையலறைக்கும் வேண்டிய வெந்நீரோ, குளிர்ப்பொறி கொட்டும் வெப்பத்திலிருந்தே ஓரளவு பெறத்தக்கது. ஆகவே நமக்கு வேண்டற்பாலது குளிரே.

குளிர் விநியோகம் பிற்காலத்தது. பாரிசு நகரில் 1991 முதல் செயின் நதியின் நீரையும் துணைக்கொண்டு இது நடைபெறுகின்றது. சிங்கப்பூரின் மரீனா விரிகுடாவில் 2006இல் நிலத்தடியே ஒரு நிலையம் இயங்கத் தொடங்கியது. இந்தியாவில், குஜராத்தின் காந்திநகரை அடுத்து எழுந்த கிப்ற் நகரில் 2015இல் முதலாவது வட்டாரக் குளிரூட்டல் நிலையம் தொழிற்பட்டது. கட்டடந்தோறும் தனித்தனிப் பொறி வைப்பின் 270,000 தொன் குளிர் வேண்டும் என்றும், பொதுநிலையம் வைப்பின் 180,000 தொன் போதும் என்றும் அந்நகரை அமைத்தோர் கணக்கிட்டனர்.

இவ்விடத்துத் 'தொன்' என்பது நிறை அன்று. பனிக்கட்டியை ஏற்றியிறக்கி விற்ற காலத்து அளவு அது. 2,000 இறாத்தல் பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை உறிஞ்சுமோ அந்த வீதமே ஒரு தொன் குளிர். இன்றைய அளவில் 3.517 கிலோவாற்று. பொறியியலாளர் பனிக்கட்டியைக் கைவிட்டபோதும் அதன் பெயரைக் கைவிட்டாரல்லர்.

பொதுநிலையத்துக்குக் குறைந்த குளிர் போதுமாவது எங்ஙனம்? எல்லாருக்கும் ஒரே வேளையில் உச்சக் குளிர் தேவைப்படுவதில்லை. வங்கிக்கும் கந்தோருக்கும் பிற்பகல் இரண்டு மணி உச்சவேளை, விடுதிக்கு முன்னிரவு, திருமண மண்டபத்துக்கு முகூர்த்த நாள். தனித்தனியே பொறி வாங்குவோர் ஒவ்வொருவரும் தத்தம் உச்சவேளைக்கு வேண்டிய அளவு வாங்கி, ஆண்டின் பெரும்பகுதி அதனை அரைத்தூக்கத்தில் வைத்திருக்கின்றனர். ஒரே நிலையமாயின் வங்கி அடைத்தபின் அதன் குளிர் விடுதிக்குச் செல்லும். கூட்டுக்குடும்பத்தின் பெரிய கிடாரத்துக்கு உள்ள சிக்கனம் இதுவே.

இனிப் பசுமைச் சான்றினை நோக்குவோம். ஒரு கட்டடம் மின்சாரத்தையும் நீரையும் பொருளையும் எவ்வளவு சிக்கனமாய்ப் பயன்படுத்துகின்றது என அளந்து புள்ளி இட்டுச் சான்றளிக்கும் முறைகள் பல நாடுகளில் உள. அமெரிக்காவின் 'லீட்' என்பது அவற்றுட் பெயர்பெற்றது. இதில் இலங்கை பின்தங்கிய நாடு அன்று. ஜெஃப்ரி பாவா வரைந்த கண்டலம விடுதி, அச்சான்றினைப் பெற்ற உலகின் முதல் விடுதி என்னும் சிறப்பை 2000ஆம் ஆண்டில் எய்தியது. துல்கிரியவில் உள்ள துருலிய ஆடைத் தொழிற்சாலை 2008இல் அதன் உச்சப்படியாகிய பிளாற்றினம் நிலையை அடைந்தது. இலங்கைப் பசுமைக் கட்டடப் பேரவை 2009இல் தோன்றி, இந்நாட்டுக்கெனத் தனிப் புள்ளிமுறை ஒன்றை வகுத்தது.

இச்சான்றுகளின் நடுவே நிற்பது ஒரு கற்பனை. கட்டடம் எழுமுன்னரே அது ஆண்டொன்றுக்கு எவ்வளவு சக்தி செலவிடும் எனக் கணினியிற் கணக்கிடுவர். எவ்வளவு என்று அறிந்தால் மட்டும் போதாது. எதனோடு ஒப்பிட்டுக் குறைவு என்பது? அதற்காக, அதே பரப்பும் அதே மாடிகளும் அதே பயன்பாடும் உடைய வேறொரு கட்டடத்தைக் கணக்கிலே கட்டுவர். அதன் சுவர், கண்ணாடி, விளக்கு, பொறி யாவும் நியமம் விதித்த சாதாரணத் தரத்தன. அமெரிக்கக் குளிரூட்டற் பொறியியலாளர் சங்கத்தின் 90.1 என்னும் நியமம் இதற்கு விதி கூறுகின்றது. இக்கணக்குக் கட்டடத்துக்கு யாம் 'நிழற்கட்டடம்' எனப் பெயரிட்டோம். மெய்க்கட்டடம் தன் நிழலைவிட எத்துணைச் சிக்கனமானதோ அத்துணைப் புள்ளி பெறும். அந்நியமத்தில் எமக்குப் பிடித்த விதியொன்று உளது. நிழற்கட்டடத்தை ஒருமுறை கணக்கிட்டு விடுதலாகாது. நாற்றிசையும் ஒவ்வொருகாற் சுழற்றி வைத்து நான்கு முறை கணக்கிட்டுச் சராசரி காண வேண்டும். மெய்க்கட்டடத்தைத் திசையறிந்து வைத்தவனுக்கு அதனாற் புள்ளி கிடைக்கின்றது. நெடுநல்வாடையில் அரண்மனை வகுத்தோர் நண்பகல் நிழல்கொண்டு திசை குறித்த செய்தியைப் படித்த மாணவர்க்கு இவ்விதி புதிதாய்த் தோன்றாது.

கண்முன் இல்லாத பொருளைக் கணக்கினாலே நிறுத்திப் பார்த்தல் வீண்வேலை என்பாரும் உளர். விபுலாநந்த அடிகள் வழக்கொழிந்த யாழைக் கணக்கினாலன்றோ மீட்டார்? விஞ்ஞானப் பட்டதாரியாகிய அவர், பழைய நூற்குறிப்புகளிலிருந்து நரம்பின் அளவும் சுரத்தின் விகிதமும் கண்டு, 1947இல் அரங்கேறிய யாழ்நூலில் அக்கருவியை மறுபடி உருவாக்கிக் காட்டினார். மாதிரிக் கணக்கு என்பது அத்தகையது. அளவைகள் மெய்யாயின் உருவமும் மெய்யாகும்.

அளவைகளுள் முதன்மையானது வானிலை. ஓராண்டின் 8,760 மணிகளுக்கும் வெப்பநிலை, ஈரப்பதன், வெயில், காற்று ஆகியன மணிக்கு மணி வேண்டும். கொழும்பின் கணக்கைக் கொண்டுவந்து திருகோணமலைக்கு வைத்தல் தகாது. ஆனி ஆடியில் அங்கே மழை, ஈங்கோ கச்சான். மேற்கே மலையில் ஈரத்தை உதிர்த்துவிட்டுச் சரிவில் இறங்கும்போது சூடேறி வரும் அக்காற்று, தோலை உலர்த்தி உதட்டை வெடிக்கச் செய்யும். மார்கழியிலோ கொண்டல் கடலின் ஈரத்தை முழுதும் சுமந்து வரும். வளிச்சீராக்கிக்கு வேலை இரண்டு: ஒன்று வெப்பத்தை எடுத்தல், மற்றையது வளியிலுள்ள நீரைப் பிழிதல். கச்சான் நாளில் முதல் வேலை பெரிது. கொண்டல் நாளில் இரண்டாவது பெரிது. வெப்பமானியில் 35 பாகை காட்டும் வறண்ட பிற்பகலும், 28 பாகை காட்டும் ஈரமான முன்னிரவும் பொறிக்கு ஏறக்குறைய ஒரே சுமையாய் அமைதல் கூடும். சராசரி வெப்பநிலையை மட்டும் வைத்துக் கணக்கிட்டவர் இதனைக் காணமாட்டார்.

இதுகாறும் கூறியது தனிக்கட்டடக் கணக்கு. குளிர் வெளியிலிருந்து குழாயில் வருமாயின் சிக்கல் தொடங்குகின்றது. சான்று கோருவது ஒரு கட்டடம்; பொறியோ அதன் எல்லைக்குள் இல்லை. அயலிலுள்ள நிலையத்தின் சிக்கனத்தை அல்லது ஊதாரித்தனத்தை யார் கணக்கில் எழுதுவது?

லீட் முறையினர் இதற்கென 2008இல் தனிவிதி வெளியிட்டு, 2010இல் திருத்தினர். சாரம் இரண்டு வழிகளில் அடங்கும். முதல்வழியில், மெய்க்கட்டடமும் நிழற்கட்டடமும் ஒரே நிலையத்திடமிருந்து ஒரே விலைக்குக் குளிரை வாங்குவனவாகக் கொள்வர். அப்போது நிலையத்தின் குணமும் குற்றமும் இருபுறமும் சமமாகி நீங்கிவிடும். கட்டடத்தின் சுவரும் கண்ணாடியும் விசிறியுமே எஞ்சிப் பேசும். இரண்டாம் வழியில் நிலையத்தையும் கணக்கினுட் கொணர்வர். நிழற்கட்டடத்துக்குச் சாதாரணத் தரத்துச் சொந்தப் பொறி ஒன்றைக் கற்பித்து, மெய்க்கட்டடத்துக்கு அந்நிலையத்தின் பொறிகளிலும் நீரேற்றிகளிலும் ஒரு பங்கைச் சேர்த்து, வழியிற் குழாய் வாங்கிக்கொள்ளும் வெப்பத்தையும் கூட்டி எழுதுவர். நிலையம் நல்லதாயின் இவ்வழியிற் புள்ளி ஏறும், தீயதாயின் இறங்கும். ஒரே கட்டடம், ஒரே குழாய், ஒரே குளிர். கோடு கிழித்த இடம் மாறியதனால் மதிப்பெண் மாறுகின்றது. ஆதலின் பசுமைச் சான்று பெற்றதெனச் சொல்லப்படும் கட்டடத்தைக் காண்போர் முதலிற் கேட்க வேண்டியது, எல்லைக்கோடு எங்கே கிழிக்கப்பட்டது என்பதாகும்.

கணினியும் இவ்விடத்தில் ஏமாற்ற வல்லது. அமெரிக்க அரசின் சக்தித் திணைக்களம் 2001 முதல் இலவசமாய் வழங்கும் 'எனர்ஜிபிளஸ்' என்னும் நிரலிலே, 'வட்டாரக் குளிர்' என ஓர் உறுப்பைச் சேர்த்துவிட்டால் அது வற்றாத சுனைபோல் வேண்டிய குளிரைத் தரும். கட்டடம் எவ்வளவு குளிர் வாங்கியது என்றே அது கூறும். அக்குளிரைச் செய்ய எங்கோ எரிந்த நிலக்கரியையும் ஓடிய நீரேற்றியையும் அது அறியாது. அதனை மின்சாரமாக மாற்றி எழுதுவது கணக்கிடுவோன் கடன். அக்கடனைச் செய்யாது விட்டால் கட்டடம் காகிதத்தில் மட்டும் பசுமையாகும். 2022 பங்குனியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்சாரமின்றி இருந்த நாட்டார்க்கு, காகிதத்திற் சேமித்த மின்சாரத்தின் பயன் யாதெனச் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது நம் துறைமுகத்துக்கு வருவோம். கொட்டியாரக்குடாவில் மகாவலி கங்கை கலக்குமிடத்துக்குப் புறத்தே, கடலடியிற் பெரும் பள்ளத்தாக்கு ஒன்று தொடங்குகின்றது. உலகின் பெரிய கடலடிப் பள்ளத்தாக்குகளுள் ஒன்றாக எண்ணப்படும் அது, கரையிலிருந்து சில கிலோமீற்றர் தூரத்துள்ளேயே பல நூறு மீற்றர் ஆழத்தை எய்தி, அப்பால் ஆயிரக்கணக்கான மீற்றர் இறங்குகின்றது. திமிங்கிலங்கள் கரைக்கு இத்துணை அருகே வருதற்கும் இவ்வாழம் ஒரு காரணம். மேற்பரப்பு நீர் 28, 29 பாகையாய் இருக்க, ஆயிரம் மீற்றர் ஆழத்து நீர் ஏறக்குறைய 7 பாகையே இருக்கும். வளிச்சீராக்கி நிலையங்கள் பெருஞ்செலவிற் செய்துகொள்ளும் குளிர்நீரின் வெப்பநிலையும் அதுவே. கோணேசர் மலையடியில் 1956இல் நீர்மூழ்கிக் கோயில் இடிபாடுகளைக் கண்ட ஆதர் சி. கிளார்க், பின்னர் 1960களில் எழுதிய 'தி ஷைனிங் வன்ஸ்' என்னும் கதையில், திருகோணமலைக் கடலாழத்துக் குளிரைக்கொண்டு மின்சாரம் ஆக்கும் நிலையம் ஒன்றைக் கற்பித்தார். மின்சாரம் ஆக்குதல் அரிது. குளிரைக் குளிராகவே கொள்ளுதல் அதனினும் எளிது.

எளிது என்பதற்குச் சான்று உண்டு. நம்மவர் பலர் வாழும் ரொறொன்ரோ நகரில் 2004 முதல், ஒன்ராறியோ ஏரியின் 83 மீற்றர் ஆழத்திலிருந்து 4 பாகை நீரைக் கொணர்ந்து நகர நடுவிலுள்ள கட்டடங்களைக் குளிர்விக்கின்றனர். பின்பு அந்நீரே குடிநீராகவும் செல்கின்றது. தாகித்தித் தீவின் பெரிய மருத்துவமனை 2022 முதல், 900 மீற்றர் ஆழத்திலிருந்து 3.8 கிலோமீற்றர் நீளமான குழாயில் வரும் 5 பாகைக் கடல்நீராற் குளிர்பெறுகின்றது. அது நம் ஊர் போன்ற வெப்பநாட்டுத் துறைமுகம் என்பதே எமக்கு முக்கியமாய்ப் படுகின்றது.

மாணவர் கணக்கிட்டுப் பார்க்கத்தக்க எடுத்துக்காட்டொன்று தருவோம். ஆயிரம் தொன் குளிர் வேண்டும் என்க. அது 3,517 கிலோவாற்று. கடல்நீர் 7 பாகையில் வந்து 13 பாகையில் மீள்வதாயின், கிலோகிராமுக்குப் பாகையொன்றுக்கு ஏறத்தாழ 4 கிலோயூல் வீதம், வினாடிக்கு 147 கிலோகிராம் நீர் வேண்டும். ஆயிரம் மீற்றர் ஆழத்து நீரை ஆயிரம் மீற்றர் உயர்த்த வேண்டுமே என அஞ்சற்க. குழாயின் உள்ளும் புறமும் கடலே ஆதலின், நீர் தானாகவே கடல்மட்டம் வரை எழுந்து நிற்கும். குழாயின் உராய்வையும், குளிர்நீர் சற்றுக் கனமாயிருப்பதால் வரும் சிறு தாழ்வையும் வெல்லுதலே நீரேற்றியின் வேலை. அதனை 15 மீற்றர் உயரத்துக்கு ஒப்பாகவும், நீரேற்றியின் திறனை நூற்றுக்கு எழுபதாகவும் கொண்டால் 31 கிலோவாற்று போதும். கரையில் நன்னீரைச் சுற்றியனுப்ப மேலும் 40 என வைப்போம். ஆக ஏறத்தாழ 70 கிலோவாற்று. இதே குளிரை, உண்ட மின்சாரத்தைப்போல் ஐந்து மடங்கு வெப்பத்தை எடுக்கவல்ல நல்ல பொறி செய்வதாயின் 703 கிலோவாற்று செலவாகும். பத்திலொன்றே செலவு.

இத்துடன் கணக்கை மூடுவோர் உச்சவேளைக் கணக்கையே செய்தவராவர். நள்ளிரவில் ஊர் உறங்க, வேண்டிய குளிர் 100 தொன்னாய்ச் சுருங்கியது என்க. நீரேற்றி தன் முழுவேகத்திலேயே ஓடுமாயின் அதே 70 கிலோவாற்றை உண்ணும். அந்நேரத்தில் சாதாரணப் பொறி 100 தொன் செய்ய உண்பதும் 70 கிலோவாற்றே. மிச்சம் ஏதும் இல்லை. வேகம் மாற்றத்தக்க நீரேற்றி வைத்தால் மட்டுமே இரவிலும் பயன் உண்டு. 8,760 மணிகளும் தனித்தனியே வேண்டும் என வற்புறுத்துவதன் காரணம் இதுதான்.

தடைகளையும் மறைத்தல் ஆகாது. சென்னையிலுள்ள தேசியக் கடற்றொழினுட்ப நிறுவனத்தார், தூத்துக்குடிக்கு அப்பால் மிதக்கும் மின்னிலையம் ஒன்றுக்காக ஆயிரம் மீற்றர் நீளமான குளிர்நீர்க் குழாயை இறக்க 2001இலும் 2003இலும் முயன்றனர். இருமுறையும் குழாய் கைகூடவில்லை. அவர்களே 2005இல் இலட்சத்தீவின் கவரத்தியில், ஏறத்தாழ 350 மீற்றர் ஆழத்துக் குளிர்நீரைக்கொண்டு நாளொன்றுக்கு ஒரு இலட்சம் லீற்றர் குடிநீர் ஆக்கும் நிலையத்தை நிறுவி வெற்றி கண்டனர். குழாய்தான் இவ்வித்தையின் உயிர். அது ஓர் அலைக்கு முறிந்தால் எல்லாம் முறியும். மேலும், ஆழநீர் உயிர்ச்சத்து நிறைந்தது. பயன்படுத்தியபின் அதனைக் குடாவின் மேற்பரப்பில் விட்டால் பாசி பெருகி மீன்வளம் கெடலாம். வெளிச்சம் புகாத ஆழத்தில் விட வேண்டும். கிண்ணியாவிலும் மூதூரிலும் வலை வீசி வாழ்வோரைக் கேளாது வகுக்கப்படும் எக்கணக்கும் முழுக்கணக்கு அன்று.

எல்லாவற்றிலும் பெரிய தடை, குளிர் வாங்குவோர் தொகை. நிலாவெளி விடுதிகள் ஒருபுறம், நகரத்து வங்கிகளும் பொது மருத்துவமனையும் ஒருபுறம், சீனன்குடா மற்றொருபுறம் எனச் சிதறிக் கிடக்கும் நம் ஊரில், நீண்ட குழாய்ச் செலவைத் தாங்கப் போதிய நெருக்கம் இன்று இல்லை. ஆயின் துறைமுகத்தைச் சூழப் பெருங்கட்டடங்கள் எழும் என்ற திட்டங்கள் வந்தவண்ணம் உள. ஒவ்வொன்றும் தன் கூரையில் தனிப்பொறியை ஏற்றிவிட்டபின் குழாய் பேசுதல் வீண். தெரு வகுக்கும்போதே குழாய்க்கு இடம் விடுதல் செலவு குறைந்தது. பின்னர்த் தெருவைக் கிண்டுதல் செலவு மிகுந்தது. குளிரின் விலையை யார் வகுப்பது என்பதும் அப்போதே முடிவாதல் வேண்டும். மின்பொறியைப் பிடிக்காதவர் வேறு கடையில் வாங்கலாம். குழாயிற் கட்டுண்டவர்க்கு வேறு கடை இல்லை.

சீனன்குடாவில் ஆங்கிலேயர் கட்டிய எண்ணெய்த் தாங்கிகளையும் இவ்விடத்தில் நினைத்தோம். 1942 சித்திரையில் யப்பானியர் தாக்குதலில் ஒன்று அழிந்தது போக, 99 எஞ்சி நிற்கின்றன; ஒவ்வொன்றும் 12,000 கிலோலீற்றர் கொள்ளும். அத்தகைய ஒரு தாங்கியளவு நீரை 7 பாகை குளிர்வித்து வைத்தால் ஆயிரம் தொன் குளிரை இருபத்தேழு மணி நேரத்துக்குத் தரலாம். எண்ணெய்க்கு ஒப்பந்தம் செய்யப்பட்டு நிற்கும் பழைய இரும்புத் தாங்கிகளைக் குளிர்நீருக்குக் கேட்பது பகற்கனவே. எனினும் ஒரு தாங்கி என்பது எத்துணைக் குளிர் என மாணவர் மனத்திற் பதிய இதனினும் நல்ல அளவுகோல் எமக்குக் கிடைத்திலது.

சான்றுக்கணக்கில் ஏறாத பயனொன்றும் உண்டு. பொதுநிலையம் வருமாயின் தெருவில் வெப்பம் கொட்டும் வெளிப்பெட்டிகள் நீங்கும். பேருந்து நிலையத்தில் நிற்போர்க்கும் மீன்சந்தையில் அமர்ந்திருப்போர்க்கும் அதனால் வரும் ஆறுதலுக்கு எந்த நிரலும் புள்ளி இடுவதில்லை. நிழற்கட்டடம் தன் வெப்பத்தைக் கொட்டும் தெரு, கணக்கிலே என்றும் வெறுந்தெருவாகவே உளது.

கட்டடத்தின் கடமையைக் குழாயின்மேற் சுமத்துதலும் கூடாது. 2008ஆம் ஆண்டு விதி, கட்டடம் முதலில் நிலையத்தின் உதவியின்றித் தனித்தே குறைந்தபட்சத் தரத்தை எட்ட வேண்டும் எனக் கூறியது. அவ்விதி எமக்கு உடன்பாடே. துருலியத் தொழிற்சாலை தன் உச்சப்படியைப் பெற்றது குளிர்பொறியைப் பெருக்கி அன்று. நீர் ஆவியாகும் குளிரையும் மர நிழலையும் பயன்படுத்தி. நெடுநல்வாடை காட்டும் மாளிகையில் தென்றல் புகும் சாளரத்தோடு வேனிலுக்கெனத் தனிப் பள்ளியறை இருந்தது. கூதிர் வந்தபோது அச்சாளரத்தை அடைத்தனர்.

நம் கல்லூரி மண்டபத்துக்கு வளிச்சீராக்கி பூட்டித் தரலாம் எனப் பழைய மாணவர் சிலர் அன்புடன் கூறி வருகின்றனர். அவர்க்கு எம் வேண்டுகோள் ஒன்று. பொறியை வாங்குமுன் ஓராண்டு பொறுத்து, அம்மண்டபத்தின் 8,760 மணிகளை அறிவோம். வெப்பத்தையும் ஈரப்பதனையும் மணிக்கு மணி தானே பதியும் சிறு கருவிகள் இரண்டு போதும். ஒன்று மண்டபத்தினுள்ளே, மற்றையது வெளியே வேப்பமர நிழலில். கணித வகுப்பார் எண்களைத் தொகுப்பர். பௌதிக வகுப்பார் எனர்ஜிபிளசில் மண்டபத்தையும் அதன் நிழலையும் கட்டிப் பார்ப்பர். மேற்குச் சாளரங்களுக்குத் தாழ்வாரம் இறக்கினால் எத்தனை தொன் குறையும், கூரைக்கு வெள்ளை பூசினால் எத்தனை தொன் குறையும் என்பதெல்லாம் அப்போது தெரியவரும். எஞ்சிய தொன்னுக்கே பொறி வாங்கலாம். கச்சான் தொடங்குமுன் கருவிகள் வந்து சேருமாயின் நன்று. அக்காற்று வீசும் பிற்பகல்களைத் தவறவிட்டால் மறு ஆனி வரை காத்திருக்க வேண்டும்.